நான்காவது ஆளும் ஐந்தாவது கதவும்

கார் விஷயத்தில் நான் பெரிய ஆள் என்று நம்பியவர்கள் உலகத்தில் மொத்தம் இரண்டே பேர். இருவரும் சிங்கப்பூரில் இருந்தார்கள். நடுவில் கடல் இருக்கிறவரைக்கும் எந்தப் பொய்யும் மானத்தோடு வாழலாம். நேரில் போய் இறங்கினால்தான் வம்பு.

நான் திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். ஆபீசுக்கு ஒரு ஜீப் உண்டு. ஓட்டுகிறவர் மாரியப்பன். வாய்க்கால் பார்க்கப் போகும் நாட்களில் இன்ஜினீயர் முன்னால் உட்காருவார், நான் பின்னால் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். தங்கை பிலோமினாவுக்கு எழுதும் கடிதங்களில் மட்டும் அந்த ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் தடவை சும்மா ஒரு பேச்சுக்குத்தான் எழுதினேன். 'அண்ணே, பத்திரமா ஓட்டுங்க' என்று அவள் பதில் எழுதிவிட்டாள். அதற்கப்புறம் டிரைவர் சீட்டை விட்டு இறங்க மனம் வரவில்லை. கொள்ளிடக் கரையில் சகதியில் மாட்டி மீண்டது, ஃபேன் பெல்ட் அறுந்தபோது வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டி ஊர் வந்து சேர்ந்தது என்று மாரியப்பன் டீக்கடையில் அளந்ததெல்லாம் ஆறு வருஷமாக என் கையெழுத்தில் கடல் தாண்டிப் போனது.

லைசென்ஸ் இருந்தது, அதில் பொய் இல்லை. ஒரு மைதானத்தில் நேராக நூறு அடி ஓட்டி, நிறுத்தச் சொன்ன கோட்டைத் தாண்டி நிறுத்தினேன். ஆய்வாளருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் பாஸ் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில், தங்கை மகள் ரெஜினாவுக்குப் புதுநன்மை, மாதாகோவிலில் முதல் முறையாக நற்கருணை வாங்குகிறாள், கட்டாயம் வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. அடியில் மாப்பிள்ளை அந்தோணி இரண்டு வரி சேர்த்திருந்தார். 'மச்சான் வந்து ஓட்டிப் பார்த்துச் சொன்னால்தான் கார் வாங்குவது. உங்களுக்காகவே எட்டு மாதமாகத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.' படித்ததும் வராமல் இருக்க என்ன காரணம் எழுதலாம் என்று தேடினேன். ஆனாலும் விமான டிக்கெட் அவர்கள் செலவு. போகாமல் இருக்க முடியுமா?

வியாழக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். டாக்சியில் வரும்போது என்னைப் பயமுறுத்தியது அந்தச் சாலைகளின் அமைதிதான். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஹாரன் அடிக்காமல் ஒருவன் வண்டி ஓட்டினால் வீட்டில் ஏதோ துக்கம் என்று அர்த்தம். இங்கே கோடு போட்டிருக்கிறார்கள், கோட்டுக்குள் போகிறார்கள், சிவப்பு விளக்கில் ஆளே இல்லாத இடத்திலும் நிற்கிறார்கள். இவர்கள் நடுவில் நான் கார் ஓட்ட வேண்டும். குளிரூட்டிய டாக்சியில் எனக்கு வேர்த்தது.

குவீன்ஸ்டவுனில் ஒன்பதாவது மாடியில் வீடு. மாப்பிள்ளை ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். நல்ல உயரம், நல்ல குரல், மாதாகோவில் விருந்து என்றால் அண்டாவைத் தூக்குகிற முதல் ஆள். உட்கார வைத்து ஆட்டுக்கறி போட்டுவிட்டு காரைப் பற்றி ஆரம்பித்தார். பார்த்து வைத்திருந்தது புத்தம் புதிய சின்ன ஜப்பான் வண்டி, ஹேட்ச்பேக். நாலு பக்கம் நாலு கதவு, பின்னால் கண்ணாடியோடு சேர்த்துத் தூக்குகிற ஐந்தாவது கதவு. கோவில் பாடகர் குழுவில் இருக்கும் பெனடிக்ட் என்பவர் கார் கடையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை காலை வண்டியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"டிக்கியே இல்ல மச்சான். வாலை வெட்டுன மாதிரி இருக்கு. குடும்பத்துக்கு இதெல்லாம் ஒரு காரா?" என்றார் மாப்பிள்ளை.

ஓட்டிப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று நான் எலும்பை உறிஞ்சியபடி சொன்னேன். அந்த நிதானத்தைப் பார்த்து அவருக்கு என்மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

அவர் குளிக்கப் போனதும் பிலோமினா அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டு முதல் தடவையே பாஸ் செய்துவிட்டாளாம். பயிற்சிப் பள்ளியில் ஓட்டியதும் இதே மாதிரி வண்டிதான். லைசென்ஸ் அலமாரியில் செபமாலைப் பெட்டிக்குள் எட்டு மாதமாகக் கிடக்கிறது. இவர் ஒவ்வொரு தடவையும் மச்சான் வரட்டும், மச்சான் வரட்டும் என்று தட்டிக் கழிக்கிறார்.

"நீங்க ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னா அவர் மறுபேச்சு பேச மாட்டார் அண்ணே. சொல்லிடுங்க," என்றாள்.

இதென்ன பிரமாதம், சொன்னால் போயிற்று என்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாப்பிள்ளை என்னைச் சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் இருந்து இறங்கியதும் மல்லிகைப்பூ, மசாலா அரைக்கிற வாசனை, எவர்சில்வர் பாத்திரக் கடை. திருச்சிப் பெரிய கடைவீதியிலேயே இறங்கிவிட்டோமோ என்று நினைத்தேன். பாக்கு மென்ற ஒரு பெரியவர் சாலையோரம் போட்டிருந்த குப்பைத் தொட்டியைத் தேடிப் போய்த் துப்பினார். சரி, இது நம்ம ஊர் இல்லை என்று தெளிந்தேன்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மீன் தலைக்கறி வந்தது. தலை என்றால் ஏதோ கையகலம் என்று நினைத்திருந்தேன்; அது சட்டி நிறைய உட்கார்ந்திருந்தது. ஒரு கண் என்னையே பார்த்தது. மாப்பிள்ளை அந்தக் கண்ணையே எடுத்து என் இலையில் வைத்து உபசரித்தார். அதோடு விஷயத்துக்கும் வந்தார். நாளைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி பரவாயில்லை, ஆனால் அவசரப்பட வேண்டாம், அடுத்த வருஷ மாடல் வரட்டும் என்று சொல்லிவிட வேண்டுமாம். நீங்கள் சொன்னால் பிலோ கேட்டுக்கொள்வாள் என்றார்.

சோறு போட்டவனுக்கு எதிராகப் பேசுவது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அதற்கும் தலையாட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் சில விசித்திரமான கேள்விகள் கேட்டார். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினால் வண்டி எந்தப் பக்கம் போகும்? இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் எந்தக் கண்ணாடியைப் பார்ப்பது? மனுஷன் என்னைச் சோதிக்கிறார் என்று எனக்குத் திக்கென்றது. அது வண்டிக்கு வண்டி மாறும் மாப்பிள்ளை என்றேன். ஆமாம் ஆமாம் என்று ஏதோ பெரிய ரகசியம் கிடைத்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

என்னை வீட்டில் விட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். மூன்று மணி இருக்கும், பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது. ரெஜினாவுக்கு வீசிங். எட்டு வயசுப் பிள்ளை. பிலோமினா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். பள்ளி வாசலில் பிள்ளையைக் கையில் வாங்கியபோது அதன் விலா எலும்பெல்லாம் உள்ளே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. மூச்சு விசில் மாதிரி கேட்டது.

டாக்சி இல்லாமல் இல்லை. வரிசையாக வந்தன. ஆனால் அது டாக்சிக்காரர்கள் ஷிப்ட் மாறுகிற நேரம். கண்ணாடியில் தாங்கள் போகிற ஊர்ப் பெயரை அட்டையில் எழுதி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்களை மட்டும்தான் ஏற்றுவார்களாம். ஒன்றில் புக்கிட் பாஞ்சாங் என்று போட்டிருந்தது. நான் நம்ம ஊர்ப் பஸ்ஸை மறிப்பது போல நடுரோட்டில் கையை விரித்து நின்றேன். டிரைவர் மரியாதையாக என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் ரொட்டி வேன் ஓட்டும் மலாய்க்காரர் ஒருவர் தானாகவே நிறுத்தினார். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கிளினிக் போய்ச் சேர்ந்தோம்.

முகத்தில் புகை மாதிரி மருந்து வைத்த பிறகு பிள்ளைக்கு மூச்சு சீரானது. முதல் காரியமாக, அந்த வேனில் பார்த்த தேங்காய் பன் வேண்டும் என்றாள். பிலோமினா அவள் தலையைக் கோதிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்குப் பரவாயில்ல அண்ணே. போன தடவை நாப்பது நிமிஷம் ரோட்டுல நின்னேன். பிள்ளை உதடு நீலமாயிடுச்சு. லைசென்ஸ் வீட்டுல இருக்கு, நான் கையைக் காட்டிட்டு நிக்கிறேன்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆறு வருஷம் காகிதத்தில் ஜீப் ஓட்டிய நான், ஒரு பிள்ளையின் மூச்சு என் ஒரு வார்த்தையில் தொங்குகிற இடத்துக்கு வந்து நின்றிருந்தேன். நல்ல வண்டி என்று சொல்லியே தீருவது என்று முடிவு செய்தேன். ஓட்டாமலே சொல்லிவிட ஏதாவது வழி கிடைத்தால் தேவலை என்று ராத்திரி ஜெபத்தில் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ரெஜினாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அலெக்சாண்ட்ரா ரோட்டில் இருந்த அந்தக் கார் கடைக்குப் போனோம். சிவப்பு நிறத்தில் வண்டி பளபளவென்று நின்றது. எங்கள் ஊரிலும் அப்போதுதான் இப்படி ஒரு சின்னக் கார் வந்திருந்தது. டாக்டர் வீட்டு வாசலில் அது நின்றால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்ப்போம். பெனடிக்ட் சாவியை என் கையில் கொடுத்தார். நீங்கள் கூட வரவேண்டாமா என்று நான் கேட்டதற்கு, இந்தியாவில் ஓட்டினவருக்கு இந்த ரோடு விளையாட்டு மைதானம் மாதிரி என்றார்.

குடும்பக் காரை ஓட்டிப் பார்க்கக் கூடாது, பின் சீட்டில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை ஓட்டட்டும் என்று நான் புதிதாக ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்துச் சொன்னேன். மாப்பிள்ளை பையைத் தடவினார். லைசென்ஸ் வேறு கால்சட்டையில் இருந்துவிட்டதாம். நான் ஓட்டட்டுமா என்று பிலோமினா கேட்டாள். மச்சான் இத்தனை தூரம் வந்திருக்கும்போது நீ என்ன நடுவில் என்று அவர் அடக்கிவிட்டார். ஏறி உட்கார்ந்தேன். புனித சந்தியாகப்பர் பேரைச் சொல்லிக் கியரைப் போட்டேன்.

வண்டி முயல் மாதிரி மூன்று தடவை குதித்துவிட்டு நின்றது. புது வண்டி, கிளட்ச் கொஞ்சம் கூச்சப்படுகிறது என்றேன். இரண்டாவது முயற்சியில் ரோட்டுக்கு வந்துவிட்டோம். நகரத்துக்குள் போகாமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். ஏனென்றால் காலை பத்தேகால் வரைக்கும் நகர எல்லைக்குள் நுழைகிற காருக்குச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். காரில் நாலு பேர் இருந்தால் மட்டும் சும்மா போகலாம். நாங்கள் மூன்று பேர். வலது பக்கம் திரும்புங்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். திரும்ப வேண்டுமென்றால் வலது கோட்டுக்குப் போக வேண்டும். கோட்டை விட்டுக் கோடு மாறுகிற வித்தை எனக்குத் தெரியாது. மாரியப்பன் மாறும்போது நான் கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். அடுத்த திருப்பமும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. தூரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே நகர எல்லையின் பெரிய வளைவுப் பலகை தெரிந்தது.

மாப்பிள்ளை பதறி, நிறுத்துங்கள் என்றார். அது மட்டும்தான் எனக்கு நன்றாக வரும். பக்கத்தில் இருந்த பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினேன்.

அங்கே ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். அவர்கள் பஸ்ஸுக்கு நின்றவர்கள் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆள் குறைகிற கார்கள் வந்து நிற்கும், வரிசையில் முதல் ஆள் ஏறி நாலாவது ஆளாக ஓசியில் நகரத்துக்குள் போவார், காருக்கும் லாபம், ஆளுக்கும் லாபம். அது அங்கே தினசரி வழக்கம். முதலில் நின்றது ஒரு சீன அம்மா. அறுபது வயது இருக்கும். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பின்னால் போய் ஐந்தாவது கதவைத் தூக்கி, தன் காய்கறித் தள்ளுவண்டியையும் ஒரு மர ஸ்டூலையும் உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று அதுவரை எனக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியாது. டிக்கி இல்லை என்ற வாதம் அங்கேயே முடிந்தது.

"டோபி காட்," என்று இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னார் அம்மா.

எடுத்தேன். குதித்தது. போனது. சரியாக அந்த வளைவுப் பலகைக்கு அடியில் போய் நின்றுவிட்டது. லேசான மேடு. கால் எடுத்தால் பின்னால் உருண்டது, அழுத்தினால் இன்ஜின் அணைந்தது. ஓரத்தில் நம்பர் எழுதிக்கொண்டிருந்த அதிகாரிப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அம்மா ஜன்னல் வழியாக நாலு விரலைக் காட்டினார். நான் மறுபடி முயன்றேன். சிங்கப்பூரில் ஹாரனே கிடையாது என்று சொன்னேன் அல்லவா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாட்டில் இருந்த ஹாரன் அத்தனையும் எனக்காக எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

அம்மா என் தோளைத் தட்டி பிலோமினாவிடம் மலாயில் ஏதோ கேட்டார். இந்த மனிதருக்கு ஓட்டத் தெரியாதா என்று கேட்டாராம். மூன்று நாளில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வியை அவர் மூன்று நிமிஷத்தில் கேட்டுவிட்டார். பிலோமினா கதவைத் திறந்தாள். இறங்கி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"அண்ணே, பின்னாடி போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் அந்த மூன்று நாளில் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது அப்போதுதான். அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைத் திருத்தினாள், ஹேண்ட் பிரேக்கை விட்டாள். வண்டி எண்ணெயில் போன மாதிரி வழுக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. கோடு மாறினாள், வளைந்தாள், பாதாள ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடத்தைச் சுற்றி டோபி காட்டில் நிறுத்தினாள். அம்மா இறங்கும்போது என் கையில் ஒரு இஞ்சி மிட்டாயை வைத்து மூடிவிட்டுப் போனார். மாப்பிள்ளை முன் சீட்டில் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். மனைவியின் கையையும் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தேக்கா சந்தைப் பக்கம் இரண்டு லாரிகளுக்கு நடுவில் இருந்த சந்தில் அவள் பின்னாலேயே எடுத்து ஒரே மூச்சில் நிறுத்தினாள். மாப்பிள்ளை இறங்கிக் குனிந்து சக்கரத்தையும் கோட்டையும் பார்த்தார். பிறகு மூவரும் தே தாரிக் என்கிற ஆற்றிய டீ விற்கும் கடையில் போய் உட்கார்ந்தோம்.

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? ஜீப்பை ஓட்டுவது மாரியப்பன், ஃபேன் பெல்ட் மாரியப்பனுடையது, கிழிந்த வேட்டியும் அவருடையது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாப்பிள்ளை சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மூணு தடவை டெஸ்ட் ஃபெயில் மச்சான்," என்றார். "பார்க்கிங்ல வச்சு ஃபெயில் போட்டுடுறான் லா. இவ ஒரே தடவையில பாஸ். கார் வந்தா யார் ஓட்டுறது? கோவில் வாசல்ல இவ ஓட்டிட்டு வர, நான் பக்கத்துல இருந்து இறங்கணும். அதான் உங்க பேரைச் சொல்லி இழுத்துட்டு இருந்தேன். நாலாவது தடவை பாஸ் ஆயிட்டா வாங்கிடலாம்னு."

அப்படியானால் நேற்று பஸ்ஸில் என்னைச் சோதிக்கவில்லை. மனுஷன் நிஜமாகவே பாடம் கேட்டிருக்கிறார். நானும் பாடம் நடத்தியிருக்கிறேன். நல்ல குருவுக்கு நல்ல சீடன் என்று நினைத்துக்கொண்டேன்.

"மூணு தடவைன்னு எனக்குத் தெரியும்," என்றாள் பிலோமினா. "மூணு தடவையும் அந்தச் சந்தனக் கலர் சட்டையைப் போட்டுட்டுப் போனீங்க. வந்து சுருட்டிக் கட்டிலுக்கு அடியில எறிஞ்சீங்க. நான்தானே எடுத்துத் துவைச்சேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க ஓட்டுனா என்ன, நான் ஓட்டுனா என்ன. பிள்ளை மூச்சு விடணும். நேத்து அவ ரொட்டி வேன்ல போனா."

மாப்பிள்ளைக்கு அந்த வேன் விஷயம் அதுவரை தெரியாது. வேலையில் இருந்து வந்தவரைப் பதற வைக்கவேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். எழுந்து கடைக்காரரிடம் போன் இருக்கிறதா என்று கேட்டுப் பெனடிக்டைக் கூப்பிட்டார். மச்சான் ஓட்டிப் பார்த்துவிட்டார், வண்டி ரொம்ப நல்ல வண்டி, எழுதிக்கொள் என்றார். கார் நிபுணராக என் வாழ்க்கையில் கிடைத்த கடைசிப் பெருமை அது.

ஞாயிற்றுக்கிழமை ரெஜினா வெள்ளை உடுப்பில் புதுநன்மை வாங்கினாள். மாப்பிள்ளை சந்தனக் கலர் சட்டையில் வந்திருந்தார். விருந்தில் யாரோ புதுக் கார் யார் ஓட்டுவது என்று கேட்டார்கள். அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, என் ஒய்ஃப்தான், அவள் என்னைவிட நல்லா ஓட்டுவாள் என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உள்ளே போனது. ஆனாலும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரித்தான் சொன்னார்.

ஊர் திரும்பி நாலைந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பள்ளியில் இருந்து மறுபடி போன் வந்ததாம். பிலோமினா கீழே இறங்கி, வண்டியை எடுத்து, பத்து நிமிஷத்தில் கிளினிக்கில் இருந்தாளாம். மாப்பிள்ளை வேலை முடிந்து வரும்போது ரெஜினா தேங்காய் பன் தின்றுகொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாளாம். அடியில் மாப்பிள்ளையின் கையெழுத்தில், 'நாலாவது தடவையும் போச்சு மச்சான். அவசரம் இல்லை' என்று இருந்தது.

அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா பழக்க தோஷத்தில் ஜீப் பக்கம்தான் போனது. கொஞ்ச நேரம் நிறுத்தி யோசித்துவிட்டு எழுதினேன். 'இன்று வாய்க்கால் பார்க்கப் போனோம். மாரியப்பன் ஓட்டினார். நான் பின்னால் கோப்போடு உட்கார்ந்திருந்தேன்.'

அவளிடமிருந்து பதில் வந்தது. 'அண்ணே, பத்திரமா உக்காந்து போங்க.'